ரெசின் பாகங்களைச் சமமாகத் தேய்க்க எது சரி: கண்ணாடி மட்டமா, கைக்கட்டையா, மெஷினா?

மாடல்களுக்காக அச்சில் வார்த்த அல்லது 3டி பிரின்டரில் எடுத்த ரெசின் (இறுகிக் கெட்டியாகும் பிளாஸ்டிக்) பாகத்தைத் தேய்க்க என்ன வாங்கலாம் என்று கேட்பவர்கள் முதலில் விசாரிப்பது உப்புத்தாளின் நம்பரைத்தான். நம்பர் அப்புறம். தாளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். விரல் இருந்தால் விரல் அழுத்துகிற இடத்தில் பள்ளம் விழும். மெத்தையான பேட் இருந்தால் ஓரம் உருண்டுவிடும். கெட்டியான மட்டம் இருந்தால் பாகமும் மட்டமாகும். 220-ஐ எடுத்தாலும் 400-ஐ எடுத்தாலும் இதில் மாற்றமில்லை. கீறலின் ஆழமும் வேகமும்தான் மாறும்.

அடுத்து, உங்கள் பாகத்துக்கு வேண்டியது என்ன என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு பாதிகளாக வார்த்து ஒட்டுகிற ரயில் இன்ஜின் பாடிக்கு ஒட்டும் முகம் மட்டமாக இருந்தால் போதும். 1:100 அளவில் செய்யும் கட்டட மாடலின் சுவர்ப் பலகைக்கு மட்டம் மட்டும் போதாது, நான்கு மூலையிலும் ஒரே தடிமன் வேண்டும். இல்லாவிட்டால் நான்கு சுவர் சேரும் இடத்தில் இடைவெளி தெரியும். கோபுரக் கலசத்துக்கும் காரின் பானெட்டுக்கும் இந்த இரண்டும் தேவையில்லை. வளைவு கெடாமல் வழவழப்பாக வந்தால் சரி. இந்த மூன்றையும் ஒரே கருவி செய்துவிடாது. கண்ணாடி மேல் தேய்த்து அழகான தட்டை முகம் வாங்கிவிட்டு, தடிமன் அளக்கும் வெர்னியர் காலிபரில் பார்த்தால் ஒரு பக்கம் 3.2, மறு பக்கம் 2.8 மி.மீ. என்று ஆப்பு வடிவில் நிற்கும். ஸ்பாஞ்சில் தேய்த்தது கைக்கு வெண்ணெயாக இருக்கும். ஸ்கேலை வைத்தால் நடுவில் மேடும் ஓரத்தில் சரிவும் தெரியும்.

எவ்வளவு துல்லியம் போதும்? 1:87 ரயில் மாடலில் 0.1 மி.மீ. என்பது நிஜத்தில் 8.7 மி.மீ. ஒட்டும் முகத்தில் 0.1-க்கு மேல் இடைவெளி இருந்தால் பெயின்ட்டுக்குப் பிறகும் கோடு தெரியும். அதற்குள் நிறுத்திவிட்டால் பசையும் பிரைமரும் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) மீதியைப் பார்த்துக்கொள்ளும். 0.02-ஐத் துரத்துவது வீண் வேலை. சாதாரண டிஜிட்டல் வெர்னியரின் பிழையே அந்த அளவுக்கு இருக்கும்.

தேய்ப்பதற்கு முன்பே கெடுவது

அச்சில் வார்த்த பாலியூரித்தேன் பாகத்தின் மேல் அச்சிலிருந்து எளிதாகக் கழற்றத் தடவிய ரிலீஸ் மருந்து ஒட்டியிருக்கும். கழுவாமல் தேய்த்தால் அது கீறலுக்குள் ஏறிவிடும். பிறகு பெயின்ட் அடிக்கும்போது அந்த இடங்களில் மட்டும் பெயின்ட் ஒதுங்கி மீன் கண் போல வட்டம் வட்டமாக நிற்கும். பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய டூத் பிரஷ், இவை போதும். தேய்ப்பது அதற்குப் பிறகு.

3டி பிரின்டரில் எடுத்த பாகம் என்றால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாக உலர்த்தி, புற ஊதா விளக்கில் முழுதாக இறுகவிட்ட பிறகே தாளில் வைக்க வேண்டும். பாதி இறுகிய ரெசின் தாளின் மணிகளுக்கு இடையில் பசையாக அடைந்துகொள்ளும். அதைவிட முக்கியம், இறுகாத ரெசின் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே அரிக்கும். உள்ளே கூடாக எடுத்த பாகமாக இருந்தால் வடிகால் துளை வழியாகத் தேய்க்கும் தண்ணீர் உள்ளே போய், அங்கே மிச்சமிருக்கும் இறுகாத ரெசினை இழுத்துக்கொண்டு வெளியே வரும். உள்பக்கத்தையும் கழுவி இறுகவைத்து, துளையை அடைத்துவிட்டுத் தேய்ப்பது நல்லது. தண்ணீரில் கழுவும் வகை ரெசின் தண்ணீரை உறிஞ்சி ஊதும், நாளடைவில் வெடிப்பு விடும். அதை ஊறப்போடக் கூடாது. ஈரத்தாளில் வேகமாகத் தேய்த்து உடனே துடைத்து உலர்த்த வேண்டும்.

இனி வளைந்த பாகம். அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். வளைந்த பலகையைக் கண்ணாடி மேல் வைத்து அழுத்தினால் அது தட்டையாகப் படியும். அழுத்தியபடியே தேய்த்தால் முகம் முழுக்க ஒரே மாதிரிக் கீறல் விழும், வேலை முடிந்தது போலத் தெரியும். கையை எடுத்ததும் பலகை மறுபடி வளைந்துகொள்ளும். சரி, அழுத்தாமல் தேய்க்கலாம் என்றால் நடு மட்டும் மெலிந்து ஓரம் தடித்து நிற்கும், அல்லது அதற்கு நேர்மாறாக. வளைவைத் தேய்த்து எடுக்க முடியாது. நிமிர்த்திவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் ஓரிரு நிமிடம் போட்டு, இளகியதும் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்து, மேலே எடை ஏற்றி முழுதாக ஆறவிட்டால் பெரும்பாலான ரெசின்கள் நிமிரும். பாதி ஆறுவதற்குள் எடுத்தால் திரும்ப வளையும்.

கண்ணாடி மட்டம்

தட்டையான கண்ணாடியில் உப்புத்தாளைப் படியவைத்து, அதன் மேல் பாகத்தைத் தேய்ப்பது இது. தட்டை முகம் வேண்டும் என்றால் இதற்கு நிகரானது வேறில்லை. இருப்பதில் மலிவானதும் இதுதான். சேலத்தில் எந்தக் கண்ணாடிக் கடையிலும் கிடைக்கும். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: “அண்ணா, ஆறு எம்.எம். பிளெயின் கண்ணாடி, பத்துக்குப் பன்னிரண்டு இன்ச், ஓரம் மட்டும் தேய்ச்சுக் கொடுங்க. டஃபன் வேண்டாங்க.” பத்துக்குப் பன்னிரண்டு ஏன் என்றால் வாட்டர் பேப்பரின் (தண்ணீர் தாங்கும் உப்புத்தாள்) முழுத்தாள் 230-க்கு 280 மி.மீ.; வெட்டாமல் அப்படியே படியும். டஃபன் (சூடேற்றிக் கெட்டிப்படுத்திய கண்ணாடி) ஏன் வேண்டாம் என்றால் அது உலைக்குள் உருளைகளின் மேல் சூடாகிப் போய் வந்தது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத மெல்லிய அலை அதன் முகத்தில் நின்றுவிடும். சாதாரணக் கண்ணாடி உருகிய தகரத்தின் மேல் மிதந்து உருவானது. அதன் மட்டம் நமக்குத் தாராளம். ஆனால் கண்ணாடியும் வளையும். கோணலான மேசையில் வைத்து அழுத்தினால் அதுவும் கோணும். கீழே தட்டையான பலகையும் மெல்லிய ரப்பர் ஷீட்டும் போட்டால் வளையவும் செய்யாது, நகரவும் செய்யாது.

சேலத்தைச் சுற்றிக் கிரானைட்டுக்குப் பஞ்சமில்லை. சமையல் மேடைக்கு அறுத்த பாலிஷ் துண்டு கிடைத்தால் அதையும் பயன்படுத்தலாம். எடை அதிகம் என்பதால் அசையாது. முதலில் ஸ்டீல் ஸ்கேலை விளிம்பு படும்படி குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டிலும் நிறுத்தி, பின்னால் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். கசியும் வெளிச்சம் நடுவில் மட்டும் இருந்தால் கல் குழிந்திருக்கிறது. தரைக்குப் போடும் டைல்ஸ் வேண்டாம். சுடும்போதே நடு மேடாகவோ குழியாகவோ வளைந்து வருபவை அதில் நிறைய.

தாளை ஒட்டும் விதத்திலும் மட்டம் கெடும். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பைப் பட்டை பட்டையாக ஒட்டினால் டேப் இருக்கும் இடம் மேடாகி, பாகத்தில் கோடு கோடாகத் தெரியும். கண்ணாடியில் தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பரைப் படியவைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை வழித்துவிட்டால் அதுவே பிடித்துக்கொள்ளும். உலர்வாகத் தேய்ப்பதாக இருந்தால் ஸ்ப்ரே பசை. தாளின் ஓரம் சுருண்டு எழும்பினால் பாகத்தின் விளிம்பை அது கொறித்துவிடும்; எழும்பும் ஓரத்தை வெட்டிவிடுங்கள்.

கண்ணாடி மேல் தேய்த்தும் ஓரம் உருள்கிறதே என்றால், பிடிப்பில் தவறு. பாகத்தை மேலே பிடித்துத் தள்ளினால் உராய்வு அடியில் இழுக்கும், கை மேலே தள்ளும். பாகம் முன்பக்கமாகக் கவிழப் பார்க்கும். முன் ஓரம் ஆழமாக வெட்டும். தாளை ஒட்டினாற்போலத் தாழ்வாகப் பிடித்துத் தள்ளினால் இது குறையும். உயரமான பாகத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுமினிய ஆங்கிள் துண்டை நிறுத்தி அதில் சாய்த்தபடி நகர்த்த வேண்டும். மெல்லிய பாகத்தை விரலால் அழுத்தவே கூடாது, 1 மி.மீ. பலகை விரலுக்கு அடியில் குழிந்து அங்கே மட்டும் தேயும். அதைவிடப் பெரிய, தட்டையான அக்ரிலிக் கட்டையில் மெல்லிய டேப்பை இடைவெளியில்லாமல் ஒட்டி, கட்டையைப் பிடித்துத் தேயுங்கள். உள்ளே கூடான இன்ஜின் பாடி என்றால் அடி விளிம்பு மட்டுமே தாளில் படும். சுவர்கள் உள்பக்கமாக அமுங்கும். குறுக்கே இரண்டு மூன்று இடத்தில் பிளாஸ்டிக் கம்பியை முட்டுக்கொடுத்து ஒட்டிவிட்டுத் தேய்த்து, முடிந்ததும் உடைத்தெடுக்கலாம்.

இழுப்பு எட்டு வடிவில் இருக்கட்டும். பத்து இழுப்புக்கு ஒருமுறை பாகத்தை 90 பாகை திருப்புங்கள். கை எப்போதும் ஒரு பக்கம் அதிகமாக அழுத்தும், அதைத் தடுக்க முடியாது. திருப்பினால் அந்தப் பிழை நான்கு பக்கத்துக்கும் பங்காகிவிடும். தொடங்கும் முன் முகம் முழுக்கப் பென்சிலில் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். கட்டம் எங்கே இன்னும் அழியவில்லையோ அதுதான் பள்ளம். அது அழியும்வரை முழு முகத்தையும் தேய்க்க வேண்டும். அந்த இடத்தை மட்டும் தனியாகச் சுரண்டினால் பள்ளம் ஆழமாகும், அவ்வளவுதான்.

ஒரே தடிமன் வேண்டுமென்றால் தண்டவாளம்

கண்ணாடி மட்டத்தால் முடியாத வேலை இது. ஆப்பு வடிவம் வராமல் தடுக்க, தாள் இதற்குமேல் இறங்கக் கூடாது என்று ஒரு தடை வேண்டும். பாகத்தின் ஒரு முகத்தை முதலில் கண்ணாடியில் மட்டமாக்குங்கள். அந்த முகம் கீழே இருக்கும்படி அடிக் கண்ணாடியில் மெல்லிய டேப்பால் ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே தடிமனுள்ள இரண்டு உலோகப் பட்டைகளை அதே டேப்பால் ஒட்டுங்கள்; இவைதான் தண்டவாளம். டேப் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பதால் அதன் தடிமன் கணக்கில் வராது. மேலிருந்து தேய்க்க 150-க்கு 50 மி.மீ. கண்ணாடிக் கட்டை, நடுவில் மட்டும் தாள், தண்டவாளத்தில் ஓடும் இரண்டு முனையிலும் வெறும் கண்ணாடி. முனைகள் எந்த நேரமும் இரண்டு பட்டைகளின் மேலும் இருக்க வேண்டும். ஒன்று நழுவினாலும் கட்டை சாய்ந்து ஒரு மூலையைத் தின்றுவிடும்.

கணக்கில் தவறுவது தாளின் தடிமனில். தாள் கட்டையிலிருந்து கீழே தொங்குகிறது. பாகம் 3.00 மி.மீ. வேண்டும், தாளும் அதன் பசையும் சேர்ந்து வெர்னியரில் 0.25 காட்டுகிறது என்றால் தண்டவாளம் 3.25 இருக்க வேண்டும். 3.00-க்கே வைத்தால் பலகை 2.75-ல் வந்து நிற்கும். தாளை மாற்றும்போதெல்லாம் அளக்க வேண்டும், ஏனென்றால் நம்பர் ஏற ஏறத் தாள் மெலியும்.

பட்டைக்கு எங்கே போவது? சேலத்தில் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டின் வெட்டுத் துண்டு பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும். ஒரே தகட்டிலிருந்து அடுத்தடுத்து வெட்டிய இரண்டு பட்டைகள் தடிமனில் ஒத்துப்போகும். கத்திரியில் வெட்டிய ஓரத்தில் பிசிறு எழும்பியிருக்கும்; அதை அரத்தால் எடுக்காமல் ஒட்டினால் பட்டை முழுக்கத் தூக்கி நிற்கும். 0.05, 0.1 என்று கூட்டிக்கொள்ள வேண்டியிருந்தால் மெக்கானிக்குகள் வால்வ் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜின் இலைகளை அடியில் வைக்கலாம். 2 மி.மீ. போதும் என்றால் ஒரே சைக்கிள் ஸ்போக்கை இரண்டாக வெட்டி, நேராக இருக்கும் பகுதியை மட்டும் அளந்து பார்த்துப் பயன்படுத்தலாம்.

ஒரே அளவில் பத்து இருபது சுவர்ப் பலகை செய்பவர்களுக்கு இந்த அமைப்பைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டோம். இரண்டே பலகைதான் என்றால் இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். கண்ணாடியில் தேய்த்து, நான்கு மூலையும் நடுவும் அளந்து, தடித்த பக்கத்தில் மட்டும் விரல் எடையைக் கூட்டி நான்கைந்து இழுப்பு, மறுபடி அளவு என்று போனால் அரை மணியில் 0.1-க்குள் வந்துவிடும்.

கைக்கட்டை, குச்சி, ஸ்பாஞ்சு

கண்ணாடிக்குக் கொண்டுபோக முடியாத இடங்களுக்கு இவை. ஜன்னல் உள் ஓரத்துக்கு ஐஸ் குச்சியில் தாள் ஒட்டிய கைக்குச்சி. குச்சியின் முனையைச் சாய்வாக வெட்டிக்கொண்டால் மூலைக்குள் போகும். ஃபேன்சி ஸ்டோரில் விற்கும் நகம் தேய்க்கும் பட்டையும் நல்லதுதான், ஆனால் அதன் நடுவில் ஃபோம் இருக்கும். தட்டை முகத்தில் அதைக் காட்டாதீர்கள். குழிந்த வளைவுக்கு அதைவிடக் கொஞ்சம் சிறிய ஆரமுள்ள பி.வி.சி. பைப் துண்டில் தாளைச் சுற்றித் தேய்க்கலாம். பெரிய ஆரத்தில் தேய்த்தால் இரண்டு விளிம்பு மட்டும் வெட்டும். மேல் வளைந்த பானெட் போன்றவற்றுக்குப் பழைய ஏ.டி.எம். கார்டைத் தாளுக்குப் பின்னால் வைத்தால் வளைவுக்குத் தகுந்தபடி வளைந்துகொடுக்கும், ஆனால் பள்ளத்துக்குள் இறங்காது. ஸ்பாஞ்சு பள்ளத்துக்குள்ளும் இறங்கும். அதனால் பள்ளம் போகாமல் பளபளப்பாகும். உருண்டையான கலசத்துக்கும் மனித உருவத்துக்கும் ஸ்பாஞ்சு சரி. கோடு கூர்மையாக நிற்க வேண்டிய எதற்கும் சரியல்ல.

சப்போர்ட் தழும்புக்கு (பிரின்ட் எடுக்கும்போது பாகத்தைத் தாங்கிய முட்டை எடுத்த இடம்) ஒரு குறிப்பு. மேடாக நிற்கும் தழும்பை நேராகத் தாளில் தேய்த்தால் சுற்றியுள்ள மட்டமும் சேர்ந்து தேயும். கத்தி முனையை நிமிர்த்திப் பிடித்து மேட்டை மட்டும் சுரண்டி, கடைசி 0.1 மி.மீ.யை மட்டும் தாளுக்கு விடுங்கள். தழும்பைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தேய்த்தால் டேப் கிழியத் தொடங்கும்போது நிறுத்தலாம்.

மெஷின்கள்

டிரெமல் வகைச் சுழல் கருவியைத்தான் பலர் முதலில் வாங்குகிறார்கள். சமமாகத் தேய்ப்பதற்கு அதைவிட மோசமான கருவி கிடையாது. 13 மி.மீ. உருளை எந்த நேரமும் ஒரு கோட்டில்தான் படுகிறது. தட்டை முகத்தில் வைத்தால் அலை அலையாகத்தான் வெட்டும். வேகம் இன்னொரு சிக்கல். 10,000 சுற்றில் அந்த உருளையின் மேற்பரப்பு வினாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர் ஓடும். 30,000-ல் 20 மீட்டர். அந்த வேகத்தில் ரெசின் தூளாக வராது. இளகி இழுபடும், உருளையில் அப்பிக்கொள்ளும். அப்பியது மேலும் சூடாகி பாகத்தை எரிக்கும். உள்பக்கம் தெரியாத இடத்தில் ரெசினைக் குடைந்தெடுக்க, அதுவும் கருவியின் குறைந்த வேகத்தில், வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளங்கை அளவு ஆர்பிட்டல், மவுஸ் சாண்டர் வகைகள் மரவேலைக்குப் பிறந்தவை. அடியில் மெத்தையான பேட். பேட்டைவிடச் சிறிய பாகத்தை அதன் கீழே வைத்தால் பேட் நான்கு ஓரத்தையும் சுற்றி மடிந்து இறங்கும். ஐந்து வினாடியில் சோப்புக் கட்டி ஆகிவிடும். போதாததற்கு வட்ட வட்டமான சுருள் கீறல் வேறு. அதை எடுக்கக் கையால் மறுபடி தேய்க்க வேண்டும். பேட்டைவிடப் பெரிய பாகம் செய்யாதவர்களுக்கு இது தேவையில்லை. சார்ஜ் போட்டு ஓட்டும் பேனா வடிவச் சாண்டரின் தலை முன்னும் பின்னும் அசையும். குறுகிய இடத்தில் கை வலியைக் குறைக்கும். மட்டத்தை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

டிஸ்க் சாண்டர் ஒன்றுதான் வாங்கத் தகுந்த மெஷின், அதுவும் நிறைய வார்ப்பவர்களுக்கு. வார்ப்பின் அடியில், ரெசின் ஊற்றிய வாயில் இறுகி நிற்கும் ஊற்றுக் கட்டையை அறுத்து, மிச்சத்தை வேகமாக எடுக்கவும், பலகையின் ஓரத்தை 90 பாகையில் நிறுத்தவும் அது உதவும். எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். 1,450 சுற்று மோட்டாரில் 150 மி.மீ. வட்டு ஓடினால் வெளி விளிம்பில் வினாடிக்கு 11 மீட்டர், நடுவுக்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட இடத்தில் அதில் பாதி. அகலமான பாகத்தை வைத்தால் வெளிப்பக்கம் வேகமாகத் தேய்ந்து ஆப்பு விழும். பாகத்தை இடவலமாக நகர்த்திக்கொண்டே, வட்டு கீழ்நோக்கி ஓடும் பக்கத்தில் மட்டும் வைத்து, 120 அல்லது 180 தாளில் வேண்டிய அளவுக்கு 0.3 மி.மீ. முன்பே நிறுத்திவிட்டு, மீதியைக் கண்ணாடிக்குக் கொண்டுபோக வேண்டும். 2,800 சுற்று மோட்டார் வேண்டாம், ரெசின் உருகும்.

சேலத்தில் கொலுசுப் பட்டறைகள் நிறைய இருப்பதால், ‘செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொடுத்து பஃப் அடித்து வாங்கினால் என்ன’ என்ற யோசனை அடிக்கடி எழுகிறது. வெள்ளி சூட்டை உடனே பரப்பிவிடும், ரெசின் பரப்பாது. துணிச் சக்கரம் பட்ட இடம் இளகிக் கோடு கலங்கிவிடும். பாலிஷ் மெழுகும் ஊசித் துளைகளுக்குள் ஏறும், அதன் மேல் பெயின்ட் நிற்காது. வேண்டாம்.

தேய்க்காமலே சமாளிப்பது

பிரின்ட் அடுக்குக் கோடு சாதாரணமாக 0.05 மி.மீ. அந்தப் படிகளைப் போக்க ரெசினையே தேய்த்தெடுப்பதைவிட, நிரப்பும் பிரைமரை இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக அடித்து, காய்ந்ததும் 600-ல் பிரைமரை மட்டும் தேய்ப்பது எளிது. பிரைமர் ரெசினைவிட மென்மையானது, சீக்கிரம் தேயும். வளைந்த பாகங்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். நுண்ணிய செதுக்கல் இருக்கும் பாகத்துக்கு வேண்டாம். செங்கல் வரியும் ரிவெட் தலையும் மூழ்கிவிடும்.

கார் டிங்கரிங் பட்டறைகளில் செய்யும் கைடு கோட் இங்கே அப்படியே பொருந்தும். சாம்பல் பிரைமரின் மேல் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து தூவலாக அடித்து, கார்டு வைத்த 600 தாளில் லேசாகத் தேயுங்கள். மேட்டில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் நிற்கும். கண்ணை நம்ப வேண்டியதில்லை. கறுப்பு நிற்கும் இடத்துக்குப் பட்டி போட்டு மறுபடி தேய்க்க வேண்டும்.

வார்ப்பைத் தேய்க்கும்போது உள்ளிருந்த காற்றுக் குமிழி திறந்து ஊசித்துளையாகும். ஃபெவிக்விக் போட்டு அடைப்பவர்கள் இறுகியவுடனே தேய்த்துவிட வேண்டும். மறுநாள்வரை விட்டால் அது சுற்றியுள்ள ரெசினைவிடக் கெட்டியாகிவிடும். தாள் ரெசினைத் தின்னும், பசையைத் தின்னாது, துளை இருந்த இடம் மேடாகி நிற்கும். கார் பட்டி ரெசினைவிட மென்மை என்பதால் அங்கே நடப்பது தலைகீழ்: மெத்தையான கருவியால் தேய்த்தால் பட்டி குழியும். இரண்டுக்கும் மருந்து கெட்டியான கட்டைதான்.

தாளும் நம்பரும்

ரெசினுக்குக் கறுப்பு வாட்டர் பேப்பர். அதில் இருப்பது சிலிக்கான் கார்பைடு. கூரான மணி, உடைந்து உடைந்து புது முனை காட்டும், தாளும் தண்ணீர் தாங்கும். பழுப்பு நிற மரத்தாளில் இருப்பது அலுமினியம் ஆக்சைடு, பாக்சைட்டை மின் உலையில் உருக்கி எடுப்பது. சேர்வராயன் மலையில் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போன அதே பாக்சைட்தான் அதற்கும் மூலத்தாது. ஆனால் சாதாரண மரத்தாள் தண்ணீரில் ஊறிப் பிரிந்துவிடும் என்பதால் நம் வேலைக்கு ஆகாது.

பின்பக்கம் நம்பருக்கு முன் ‘பி’ எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ‘பி’ உள்ளது ஐரோப்பிய அளவு. அதில் 220-ன் மணி ஏறக்குறைய 68 மைக்ரான், 400-ன் மணி 35, 1000-ன் மணி 18. அமெரிக்க அளவில் வெறும் 600 என்று இருப்பது ‘பி’ 1200-க்குச் சமம். இரண்டையும் கலந்து வாங்கினால் 600-க்குப் பிறகு 800 போட்டும் கீறல் கூடுகிறதே என்று குழம்புவீர்கள். ஒரே வகையில் வாங்குங்கள்.

உருவம் கொண்டுவர 220, பிறகு 320, 400, 600. பெயின்ட் அடிக்கும் பாகத்துக்கு அங்கேயே நிறுத்தலாம். அதற்குமேல் வழவழப்பாக்கினால் பிரைமருக்குப் பிடிமானம் குறையும். கண்ணாடி போன்ற தெளிந்த ரெசினுக்கு மட்டும் 800, 1000, 1500, 2000 என்று போய்க் கடைசியில் பாலிஷ் பேஸ்ட். ஒவ்வொரு தாளிலும் முந்தைய தாளின் கீறலுக்குக் குறுக்காகத் தேய்த்தால், பழைய கீறல் எல்லாம் போனதா என்பது தெரியும். நம்பர் மாற்றும்போது பாகத்தையும் கண்ணாடியையும் கழுவாவிட்டால், தங்கிப்போன ஒரே ஒரு 220 மணி 600-ன் வேலையைக் கெடுத்துவிடும்.

சேலத்திலும் ஏற்காட்டிலும்

சித்திரை வெயிலில் சேலத்து மொட்டை மாடி அறையில் உலர்வாகத் தேய்ப்பது பாகத்துக்கே ஆகாது. சாதாரண பிரின்ட் ரெசின் 50, 60 டிகிரியில் இளகத் தொடங்கும். அறைச் சூட்டோடு உராய்வின் சூடும் சேர்ந்தால் மெல்லிய பாகம் கையிலேயே வளையும். டேப்பும் இளகித் தண்டவாளம் நகரும். ஈரமாகத் தேய்த்தால் தண்ணீரே குளிரவைக்கும். போர் தண்ணீரின் உப்பு காய்ந்தால் வெள்ளைப் படலமாக நிற்கும். கடைசிக் கழுவலை மட்டும் கேன் தண்ணீரில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரே பிரைமரும் வெயில் நேரத்தில் பாகத்தில் படுவதற்குள் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாக விழும், அதிகாலையில் அடிக்கலாம்.

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் நிலைமை வேறு. தேய்ப்பதற்குக் குளிர் நல்லது, ஆனால் மெல்லிய ஓரம் குளிரில் தெறிக்கும். தண்ணீரை வெதுவெதுப்பாக வைத்தால் போதும். சிக்கல் பிரைமரில். மூடுபனி இருக்கும்போது லாக்கர் வகை ஸ்ப்ரே அடித்தால் ஈரத்தை இழுத்து வெளுத்துவிடும். ஆகவே மலையில் இருப்பவர்கள் மழைக்காலத்தில் பிரைமர் வழியைவிடத் தாள் வழியை நம்புவது மேல். ஈரமாகத் தேய்த்த பாகத்தை உலரவிடவும் அங்கே கூடுதல் நேரம் வேண்டும். ஊசித்துளையில் தங்கிய ஈரத்தின் மேல் பட்டி போட்டால் அது பிடிக்காமல் உதிரும்.

தூசி விஷயத்தில் ஊருக்கு ஊர் சலுகை கிடையாது. ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. உலர்வாகத் தேய்த்தால் என்-95 முகக்கவசமும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூள் வீடு முழுக்கப் பரவும். டிஸ்க் சாண்டர் என்றால் வாக்வம் குழாயைப் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும். ஈரமாகத் தேய்த்தால் பறக்கும் தூள் பெரும்பாலும் அடங்கிவிடும், ஆனால் அந்தப் பால் போன்ற தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றக் கூடாது. சேலத்துச் சாக்கடை திருமணிமுத்தாற்றுக்குத்தான் போகும். ஒரு பக்கெட்டில் ஓர் இரவு தெளியவிட்டு, மேல் தண்ணீரைப் பழைய துணியில் வடிகட்டுங்கள். அடியில் தங்கும் சேற்றை, பிரின்ட் ரெசினாக இருந்தால், தட்டில் பரப்பி வெயிலில் காயவைத்து, துணியோடு சேர்த்துக் கட்டி மக்காத குப்பையில் போட வேண்டும்.